விதைக்கு ஒரு நியாயம், மென்பொருளுக்கு ஒரு நியாயமா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் குழு நடத்துகிற உழவர் நண்பர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கம்ப்யூட்டர் கடையில இது இனிமே ஆகாது, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க. வாங்கித்தான் ஆகணுமா?"

அந்தக் கணினி நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை தெரிகிறது, தட்டினால் எழுத்து விழுகிறது, பிரிண்ட் வருகிறது. குழுவின் வரவு செலவு, யார் எந்த விதையை வாங்கிப் போனார்கள் என்ற பட்டியல், சான்றளிப்புக்கான பண்ணைப் பதிவேடு எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் 'ஆகாது' என்கிறார்கள்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது உள்ளே ஓடுகிற மென்பொருளை. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாம் விதைக்குக் காட்டுகிற கவனத்தில் கால் பங்கு காட்டினால் போதும், குழுவின் பணம் குழுவிடமே இருக்கும். புது மடிக்கணினிக்கு முப்பது நாற்பதாயிரம் ஆகிறது. அது உறுப்பினர்கள் சிறுகச் சிறுகப் போட்ட சந்தா. அதில் ஒரு பருவத்துக்கான பிண்ணாக்கு வாங்கலாம். விதை சேமிக்க டிரம் வாங்கலாம்.

என்ன நடந்தது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அன்றைக்குக் கணினி நின்றுபோய்விடவில்லை. இன்றும் அது ஓடும். ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்கிற வேலையை இனி நிறுவனம் செய்யாது. விரும்புகிறவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். வேலி போட்டவர், இனி பிய்ந்தால் நான் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி. வங்கிக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் இருக்கிற கணினியை அப்படியே இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்துதான். கடைக்காரர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது எல்லாக் கணினியிலும் ஏறாது. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். 2016, 2017-இல் வாங்கிய நல்ல கணினிகள்கூட இந்தக் கணக்கில் கழிந்துபோகின்றன. இந்த ஒரு முடிவால் உலகம் முழுக்க 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்குச் சொன்னது.

உலகில் மின்னணுக் குப்பை ஏற்கெனவே மலைபோல் கிடக்கிறது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-இல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போகிறது? எங்கேயாவது எரிகிறது, எங்கேயாவது புதைகிறது, கடைசியில் யாருடைய நிலத்தடி நீரிலாவது கலக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, பெருநகரத்துக் கழிவு எந்தப் பக்கம் வடியும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இது முதல் முறையும் இல்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இதே மாதிரி முடிவு கட்டினார்கள். அப்போது தமிழக அரசு தன் துறைகளுக்கு 'பாஸ்' லினக்ஸைப் பயன்படுத்தச் சொன்னது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. அதற்கும் முன்பே, 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாதை இல்லை. போட்ட பாதையில் நாம் தொடர்ந்து நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் ஏன் கொழுக்கிறது?

1995-இல் வந்த விண்டோஸ் 95 ஓட 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி. ஆயிரம் மடங்கு. இந்த முப்பது வருடத்தில் நாம் தட்டச்சு செய்கிற கடிதம் ஆயிரம் மடங்கு நீளமாகிவிட்டதா? குழுவின் வரவு செலவுக் கணக்கில் ஆயிரம் மடங்கு வரிகள் கூடிவிட்டனவா? அதே கடிதம், அதே கணக்கு. படமும் காணொளியும் கூடியிருக்கின்றன, பாதுகாப்பு வசதிகள் கூடியிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் கூடிய எடையில் பெரும்பகுதி நாம் கேட்காதது. விளம்பரம், நம் நடமாட்டத்தைக் கவனிக்கிற நிரல்கள், யாருமே தொடாத நூறு பொத்தான்கள்.

பாஸ்கல் என்ற கணினி மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் அதே 1995-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணினியின் வேகம் கூடுவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டே போகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். வன்பொருள் விலை இறங்கிக்கொண்டே வந்ததால் அன்றைக்கு யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அந்த வசதியும் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது.

இந்தக் கதை நமக்குப் பழக்கமானதுதான். வீரிய ரகம் வந்தது. அதற்கு உரம் கூடுதலாக வேண்டும் என்றார்கள். உரம் போட்டால் பூச்சி வரும், மருந்தடி என்றார்கள். மருந்தடித்தால் நிலம் செத்துப்போகும், இன்னும் உரம் போடு என்றார்கள். புது மென்பொருளுக்குப் புதுக் கணினி, புதுக் கணினிக்கு இன்னும் பெரிய மென்பொருள் என்பதும் அதே செக்கு மாட்டுச் சுற்றுதான். இயற்கை வேளாண்மைக்கு வந்தவர்கள் அந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்தவர்கள். மேசைமேல் மட்டும் அதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

எல்லையோரத்து வசதி

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்குள்ள நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மடிக்கணினிகளைக் கூட்டமாகக் கழிக்கின்றன. அவை பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கும் மற்ற பழைய கணினிக் கடைகளுக்கும் வருகின்றன, அங்கிருந்து ஓசூர் கடைகளுக்கும் வருகின்றன. அலுவலகத்துக்கென்று செய்த கணினிகள் கட்டுமானத்தில் உறுதியானவை. பின்பக்கத்தைக் கழற்றி ரேம் மாற்றலாம், பேட்டரி மாற்றலாம். விண்டோஸ் 11 ஏறாது என்ற ஒரே காரணத்தால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளின் விலை இறங்கிக் கிடக்கிறது. ஊருக்குப் பயனில்லை என்று கழித்தது நமக்குப் போதுமானது.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் நல்லது, 4 இருந்தால் போதும். பழைய சுழல் தட்டு இருந்தால் எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள், இந்த ஒரு மாற்றமே கிழட்டுக் கணினியை இளந்தாரி ஆக்கிவிடும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், மின்தடை நமக்குப் புதிதில்லையே. கடைசியாக, "ஆஃபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டே தரேங்க" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பெரும்பாலும் பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி. உடைக்கப் பயன்படுத்திய கருவியோடு வைரஸும் சேர்ந்து வரும். சான்றில்லாத விதையைச் சும்மா கொடுத்தாலும் நாம் நாற்றங்காலில் போடுவதில்லை.

புதிதாகவோ பழையதாகவோ வாங்குவதற்கு முன்பு வீட்டுப் பரணையும் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கிய கணினிகள் ஊருக்கு ஊர் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றில் பல ரேம் குறைவானவை, புது விண்டோஸைச் சுமக்காது. எடை குறைந்த லினக்ஸைச் சுமக்கும்.

எந்த மென்பொருளானாலும் ஐந்து கேள்வி

ஒரு விதையை வாங்கும்போது என்ன கேட்கிறோம்? நம் மண்ணில் வருமா, மானாவாரியில் தாங்குமா, விதை எடுத்து மறுபடி விதைக்கலாமா. மென்பொருளிடமும் இதே மாதிரிக் கேள்விகள்தான்.

முதல் கேள்வி: இருக்கிற கணினியில் ஓடுமா? ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து படிக்க நூற்றுக்கணக்கான எம்பி இடம் பிடிக்கிற மென்பொருளும் இருக்கிறது, சில எம்பி-யில் முடிகிற சுமத்ரா பிடிஎஃப்-பும் இருக்கிறது. பட்டா நகலும் அரசாணையும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது: இணையம் இல்லாமல் ஓடுமா? அஞ்செட்டி, தளி பக்கம் காட்டோரக் கிராமங்களில் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. கணக்கைத் திறக்கவே இணையம் கேட்கிற மென்பொருள் அங்கே உதவாது. கணினிக்குள்ளேயே எழுதி, சிக்னல் கிடைக்கிறபோது அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டும். மானாவாரிப் பயிர் மாதிரி.

மூன்றாவது: போட்ட தரவை வெளியே எடுக்க முடியுமா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பண்ணைக் கணக்கு எழுத இன்றைக்குச் செயலிகள் நிறைய வந்துவிட்டன. மூன்று வருடம் ஒரு செயலியில் பதிவு செய்கிறீர்கள். நிறுவனம் கடையைச் சாத்திவிட்டால் அந்த மூன்று வருட வரலாறு எங்கே? பிஜிஎஸ் பங்கேற்புச் சான்றளிப்பில் குறைந்தது ஐந்து உழவர் சேர்ந்த குழு, ஒருவர் பண்ணையை ஒருவர் பார்த்து உறுதி செய்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நாம் எழுதிவைத்த பதிவேடுதான். அது நம் கையில் இருக்க வேண்டும். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். அட்டவணைக்கு ஓடிஎஸ், சிஎஸ்வி மாதிரி வடிவங்கள் இருக்கின்றன. 'ஏற்றுமதி' என்ற பொத்தான் இல்லாத செயலியில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

நான்காவது: நம் மொழிகளில் எழுத வருமா? மொழி என்று சொல்லாமல் மொழிகள் என்றே சொல்கிறேன். பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே குழுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். யூனிகோடில் எழுதினால் மூன்று மொழியும் ஒரே பக்கத்தில் நிற்கும். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் எழுதிவைத்த விதைப் பட்டியல் இன்னொரு கணினியில் திறந்தால் கோழி கிண்டிய மாதிரி வருகிறது. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பல குழுக்களின் கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த எழுத்துரு இருக்கிற கணினி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது: வருடா வருடம் காசு கேட்குமா? சந்தா முறையில் விற்கிற ஆஃபீஸ் மென்பொருளுக்குப் பணம் கட்டாவிட்டால், நாமே எழுதிய கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைக்குக் கடை வாசலில் நிற்கிற நிலைமை இதுதான்.

நடைமுறையில் எதைப் போடலாம்?

கடிதம், கணக்கு, பட்டியல் எல்லாவற்றுக்கும் லிப்ரெஓபிஸ் போதும். 2010-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்களும் அமைப்புகளும் வளர்த்து வருகிற இலவச மென்பொருள். எக்செல், வேர்டு கோப்புகளைத் திறக்கும். பட்டியல்களைத் தமிழிலேயே காட்டும்.

பண்ணைப் பதிவேட்டுக்கென்று தனிச் செயலி தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன். நம் எல்லைப் பகுதியில் ராகிக்குள் அவரை, துவரை, கடுகு எல்லாம் சால் பிடித்துப் போடுவார்கள். கன்னடத்தில் 'அக்கடி சாலு' என்பார்கள். பல செயலிகள் ஒரு வயலுக்கு ஒரு பயிர் என்றுதான் கட்டம் வைத்திருக்கின்றன. ராகி என்று தட்டினால் அவரைக்கு இடமில்லை. அவரைக்கு இடமில்லாத பதிவேட்டில் அதன் விளைச்சலும் இல்லை, வருமானமும் இல்லை. ராகி வருமானம் மட்டும் தனியாக நின்று, இயற்கை வேளாண்மை கட்டுப்படி ஆகாது என்று நமக்கே கணக்குக் காட்டும். சாதாரண அட்டவணையில் நம் வயலுக்கு ஏற்ற மாதிரிக் கட்டத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். ஒரு வயல், நான்கு பயிர், நான்கு வரி. கருவி வயலுக்கு ஏற்ற மாதிரி வளைய வேண்டும்.

இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ், அதில் விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் நீட்சி. விளம்பரம் போனால் பக்கம் சீக்கிரம் திறக்கும், தரவும் மிச்சம். நம்மாழ்வார் அய்யா பேச்சு, பயிற்சிப் படங்கள் பார்க்க விஎல்சி. சுருக்கிய கோப்புகளைப் பிரிக்க 7-ஜிப். விண்டோஸில் தமிழ் தட்டச்சுக்கு என்ஹெச்எம் ரைட்டர், அழகி இரண்டும் சின்னவை, இலவசம். புதிதாகக் கற்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து வந்த முறை அது. லினக்ஸிலும் கைப்பேசியிலும் அதுவே உண்டு என்பதால் ஒரு முறை கற்றால் போதும்.

இயங்குதளத்தையே மாற்றுவதென்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. பார்க்கப் பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் தாராளம். அதற்கும் கீழே இருக்கிற கணினிகளுக்கு ஆன்டிஎக்ஸ் மாதிரி இன்னும் மெலிந்தவை உண்டு. இதில் ஒரு நல்ல ஏற்பாடு, கணினியில் போடாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சென்டில் விதைத்துப் பார்த்துவிட்டு ஏக்கருக்குப் போகிற மாதிரி. பிரிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை எடுக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். தமிழில் படித்துக் கற்க விரும்புகிறவர்களுக்குக் கணியம் கட்டற்ற மென்பொருள் பற்றி 2012-லிருந்து எழுதி வருவதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

கைப்பேசிக்கும் இதே அளவுகோல்தான். தமிழக அரசின் உழவன் செயலி தேவை, வைத்துக்கொள்ளுங்கள். மழை நிலவரம் சொல்கிற ஒரு செயலி நம் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், அதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நீக்குங்கள்.

விண்டோஸ் தேவைப்படுகிற இடம்

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு டாலி கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், நிறுவனச் சட்டப்படியான படிவங்கள், அதற்கான டிஜிட்டல் கையெழுத்து என்று பல வேலைகள். கையெழுத்துச் சாதனங்கள் பல விண்டோஸில்தான் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. கணக்காயரும் டாலி கோப்புத்தான் கேட்பார். அங்கே ஆதரவு உள்ள விண்டோஸ் கணினி ஒன்றை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பழக்கமில்லாத முறைக்கு மாறும்போது முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும். சில பழைய பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும்.

ஆனால் அந்த ஒரு கணினியைக் காரணம் காட்டி மற்ற நான்கையும் கழிக்க வேண்டுமா? பதிவேடு எழுதவும், சந்தைக்கு விலைப் பட்டியல் அடிக்கவும், பெங்களூரு வாடிக்கையாளருக்கு ரசீது போடவும் விண்டோஸ் 11 தேவையே இல்லை. ரசாயனத்திலிருந்து மாறும்போதும் ஒரே நாளில் பத்து ஏக்கரையும் மாற்றியவர்கள் குறைவு. ஒரு பாத்தியிலிருந்துதான் தொடங்கினோம்.

"இதெல்லாம் படிச்ச ஊர்க்காரங்களுக்குங்க" என்று ஒரு பேச்சு வரும். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே கட்டற்ற மென்பொருளில்தான். கைட் என்ற அரசு நிறுவனம் தனக்கேற்ற லினக்ஸைத் தானே அமைத்து இரண்டு லட்சம் அளவுக்குப் பள்ளிக் கணினிகளில் போட்டுத் தந்தது. ஆசிரியர்களுக்குத் தானே பயிற்சியும் கொடுத்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது கடினமாக இல்லை.

பகிர்வதற்கான உரிமை

விலை மலிவு, வேகம் என்பதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. 2019-இல் பெப்சிகோ நிறுவனம், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று குஜராத் உழவர்கள் சிலர்மீது தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க உழவர் அமைப்புகள் எதிர்த்தன. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் நமக்கு உரிமை தருகிறது என்று சுட்டிக்காட்டின. சில வாரங்களில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் வாங்கிய உழவர்கள், உள்ளே இருக்கிற மென்பொருள் பூட்டால் தங்கள் வண்டியைத் தாங்களே முழுதாகப் பழுது பார்க்க முடியாமல் போராடி வருகிறார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசின் வணிக ஆணையமே அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

கட்டற்ற மென்பொருள் இந்தப் பூட்டுக்கு எதிராகப் பிறந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது கேட்டது, மென்பொருளைப் பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்பதைத்தான். விதைத் திருவிழாவில் கைப்பிடி விதையைக் கொடுத்து, "பெருக்கி நாலு பேருக்குக் கொடுங்க" என்று நாம் சொல்வதும் அதே உரிமைதான். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய திறந்த மூல விதை முன்முயற்சி என்ற அமைப்பு, யாரும் காப்புரிமையால் பூட்டக் கூடாது என்ற உறுதிமொழியோடு விதையைக் கொடுக்கிறது. அந்த யோசனையை அவர்கள் எடுத்ததே மென்பொருள் உலகத்திலிருந்துதான். அங்கே மென்பொருளைப் பார்த்து விதைக்காரர்கள் கற்றார்கள். விதையைக் காத்து வைத்திருக்கிற நாம் மென்பொருளில் மட்டும் பூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

குழு அளவில் மூன்று வேலை. ஒன்று, உங்களிடம் இருக்கிற கணினிகளையும் அவற்றில் உள்ள மென்பொருள்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது பூட்டு உடைத்தது, எது காலாவதியானது, எது தேவையே இல்லாதது என்று குறியுங்கள். இரண்டு, பதிவேடுகளைத் திறந்த வடிவத்தில், யூனிகோடில் மாற்றி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று குழு அலுவலகத்தில், ஒன்று வேறொரு உறுப்பினர் வீட்டில். விதையை ஒரே வீட்டுக் குதிரில் நாம் வைப்பதில்லை அல்லவா? மூன்று, நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சிப்காட்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கணினியோடு வேலை செய்கிற பிள்ளைகள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவோடு வந்தால் ஒரு குழுவின் கணினிகளை மாற்றிக் கொடுத்துவிடலாம். தோட்டத்தில் இறங்க நேரமில்லாத தம்பி தங்கைகள் இயக்கத்துக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி இது.

இயக்கத்தின் பயிற்சி முகாம்களில் பஞ்சகவ்யாவுக்கும் மூடாக்குக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இதற்கும் ஒதுக்க வேண்டும்.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. உழவர் அடையாள எண், பயிர்க் காப்பீடு, பட்டா என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டது. அந்தத் தளங்கள் பழைய கணினியிலும் சாதாரணக் கைப்பேசியிலும் திறக்கிற அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். படிவங்களைத் திறந்த வடிவத்தில் தர வேண்டும். 2014-இல் துறைகளுக்குச் சொன்னதை இப்போது ஊராட்சி அலுவலகத்திலிருந்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் நடைமுறைப்படுத்த வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கிய கணினி நான்கு வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளை எழுதி எடுத்துப் போங்கள். புதுக் கணினி வாங்குவது பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.